உடற்குறையும் வழிக்குறையும்

உடற்குறையுடையாரைக் குறித்துத் தமிழிலக்கியம் கூறுவன பல. அவற்றைத் தமிழரின் அருளுடைமைக்குச் சான்றாகத் தொகுத்துக் காட்டுதல் எளிது. ஆனால் அக்கூற்றுகள் குறையை எங்கே வைத்துக் காண்கின்றன? ஆளிடத்தா, அவர் செல்லவேண்டிய வழியிடத்தா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ள இக்காலத்தில், இவ்வினா தமிழ்த் துறைகளின் அன்றாடப் பணியையும் தொடுவதாகும்.

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பின் குறைகளை எட்டாக எண்ணுகின்றது. கண்ணின்மை, உருவற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கின் வடிவு, மயக்கம் என்பன அவை. இவற்றுக்குப் புலவர் வழங்கும் பெயர் எச்சம் என்பது. இவையின்றிப் பிறந்த மன்னன் தன் செல்வத்தை அறம் பொருள் இன்பங்களுக்குத் துணையாக்க வேண்டும் என்பதே பாட்டின் குறிக்கோள். ஆகவே குறையுடையார் ஈண்டுப் பாட்டின் பொருளல்லர். குறையில்லாதானுக்கு அறங்கூற வந்த எதிர்நிலைச் சான்றேயாவர்.

மணிமேகலை ஒருபடி மேற்செல்கின்றது. ஆபுத்திரன் மதுரையில் ஐயமேற்று, கண்ணில்லார், காது கேளார், கால் முடமானார் முதலியோரை அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்கின்றான். அருளின் உச்சம் இது என்பதில் ஐயமில்லை. எனினும் இங்கும் அவர்கள் பெறுவோராகவே நிற்கின்றனர். உண்டபின் அவர்கள் எங்குச் சென்றனர், யாது செய்தனர் என்பதற்குக் காப்பியத்தில் இடமில்லை.

பரணரின் குறுந்தொகை 60ஆம் பாட்டோ வேறொரு நோக்குக்கு இடந்தருகின்றது. உயர்ந்த மலையில் தேனடையைக் கண்ட முடவன் ஒருவன், கீழே இருந்தவாறே கையைக் குவித்துச் சுட்டி, வெறுங்கையை நக்கி இன்புறுகின்றான். தலைவன் அருளாவிடினும் அவனைப் பலகாற் காண்பதே இனிது என்னும் தலைவிக்கு அம்முடவன் உவமையாகின்றான். இதனை இயலாமைக்கு உவமை என்ற அளவிற் கொள்ளுதல் போதாது. தேன் இருப்பதை அவன் கண்டறிகின்றான். அதன் சுவையை அறிவான். அதன்மேல் வேட்கையும் உடையான். அவனுக்கு இல்லாதது மலைமேற் செல்லும் வழி ஒன்றே. இவ்வுவமை காதலைப் பற்றியதேயன்றி ஊனத்தைப் பற்றிய கொள்கையன்று எனச் சிலர் மறுக்கலாம். அது பொருந்தும். ஆயினும், முடவனின் அறிவும் வேட்கையும் குறைவற்றிருந்தாலன்றி உவமை தலைவிக்குப் பொருந்தாது என்பதையும் அவர்கள் உடன்படல் வேண்டும்.

உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரின் பெயரிலுள்ள அடை காலூனம் பற்றியது என்பது அறிஞர் பலர் கருத்து. அவர் சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறையோடு வேண்மாடத்து மேலிருந்து பாடினார் எனப் புறநானூற்று 13ஆம் பாட்டின் குறிப்புக் கூறுகின்றது. மாடத்தின்மீது எவ்வாறு ஏறினார் என்று அது கூறவில்லை. அவரை ஏற்றிய படியும் தோளும் எழுத்தில் இடம்பெறவில்லை. பிற்கால இரட்டைப் புலவர் வரலாற்றிலோ வழியே கதையாயிற்று. கண்ணில்லாதவர் கால் முடமானவரைச் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழிகாட்டினார் என்பது செவிவழிச் செய்தி. அவ்விருவர் பெயரால் தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் நமக்குக் கிடைத்துள்ளன.

குறை பிறப்போடு ஆளிடத்தே வருவது என்னும் கணக்குப் பிழைபடுவதை அதியமானின் தகடூர் நாடாகிய இன்றைய தருமபுரி மாவட்டத்தில் நேரிற் காணலாம். இம்மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை மிகவும் கடந்த நீரை ஆண்டுக்கணக்கிற் பருகினார்க்குப் பற்களிற் கறை படியும். முற்றிய நிலையில் மூட்டுகளும் முதுகெலும்பும் இறுகும். இதன்பொருட்டே 2013இல் தொடங்கி வைக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் புளோரைடு பாதிப்பைத் தணித்தலையும் தன் பெயரிலேயே கொண்டது. புலவர் பிறவிக் குறையாக எண்ணிய கூன், குடிக்கும் நீராலும் வரக்கூடும். நீரை மாற்றுதலே அதற்குத் தக்க முயற்சியாயிற்று.

2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்நோக்கையே முறைப்படுத்துகின்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் குறித்தது. இது 21 வகைகளைக் குறிக்கின்றது. ஆயினும் எண்ணிக்கையினும் சிறந்த மாறுதல் வேறொன்று. கட்டடம், போக்குவரத்து, செய்தி ஆகியவை யாவர்க்கும் எட்டுமாறு முன்னரே அமைதல் வேண்டும் என்பது ஒன்று; அவ்வாறு அமைந்த பின்னும் ஒருவர்க்குத் தனியே தேவைப்படும் மாற்றத்தை, மிகையான சுமை நேராதவாறு, செய்து தரல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னதற்குச் சாய்தளமும், பின்னதற்குத் தேர்வில் உதவும் எழுத்தரும் எடுத்துக்காட்டு. எட்டுமாறு அமைத்தல் வெறும் பரிந்துரையாக நிற்றல் கூடாது, கட்டாயமாதல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் நாள், ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது.

இவற்றைத் தமிழில் நாம் எச்சொல்லாற் குறிக்கின்றோம்? பெரும்பாலும் சலுகை என்கின்றோம். சலுகை கொடுப்பவரின் உள்ளத்தைப் பொறுத்தது; கொடாதொழியினும் பழியில்லை. 2010ஆம் ஆண்டளவில் அரசு வழக்கில் இடம்பெற்ற மாற்றுத்திறனாளி என்னும் சொல், ஊனமுற்றோர் என்பதிலுள்ள இழிவை நீக்கியது, அது பாராட்டத்தக்கது. ஆயினும் அதுவும் ஆளையே நோக்குகின்றது. வழியைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. சலுகை என்னும் சொல்லை இவ்விடத்து விலக்கி, உரிய ஏற்பாடு என வழங்குதல் நன்று என்பது நம் கருத்து.

சொல்லோடு அமையாமல் நம் துறையின் செயலையும் நோக்குதல் வேண்டும். சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ முதுகலைத் தமிழ் பயில வரும் பார்வையற்ற மாணவர் ஒருவரை எண்ணுவோம். கணினி அவர்க்கு நூலைப் படித்துக் காட்டும். ஆனால் பழைய பதிப்புகள் பலவும் வெறும் படங்களாகவே மின்னூலாக்கப்பட்டுள்ளன. படத்தைக் கணினி வாசிப்பதில்லை. ஒருங்குறி பரவுமுன் பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளோ பொருளற்ற ஒலிகளாகவே கேட்கும். நூல் கையில் இருந்தும் எட்டாத தேனாகின்றது. பதிப்புரிமை இதற்குத் தடையன்று. குறைபாடுடையோர்க்கு ஏற்ற வடிவில் நூலைப் படியெடுக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இடந்தந்துள்ளது. இதே நோக்குடைய மராக்கேசு உடன்படிக்கையை 2014இல் முதன்முதல் ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாவே.

பிழைமலிந்த மின்படிகளாற் பாடம் கெடும் என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் பாடத்தைக் காத்தல் தமிழ்த் துறைக்குரிய கலையன்றோ? புள்ளியும் சொற்பிரிப்பும் அற்ற ஏடுகளிலிருந்து உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும், 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்தார். அடி வரையறுத்து, குறிப்பெழுதி, அகராதி சேர்த்தார். ஏடு படிக்கவியலாத நம்போன்றோர்க்கு அவர் செய்து தந்த ஏற்பாடே அப்பதிப்புகள். அவற்றைச் சலுகை என எவரும் கூறியதில்லை. பதிப்புக் கடமை என்றே போற்றினோம்.

அக்கடமையின் அடுத்த பகுதி நம்மிடம் உள்ளது. இனி ஏற்கப்படும் ஆய்வேடு ஒவ்வொன்றும் ஒருங்குறியில் அமைதலும், பாடநூல்களின் மின்படிகள் மெய்ப்புத் திருத்தப்பெற்றுப் பாட்டெண்ணும் அடியெண்ணும் செவியாற் பின்பற்றத்தக்கவாறு குறிக்கப்படுதலும் முதற்கண் வேண்டுவன. இப்பணியை முதுகலை மாணவரின் பதிப்பியற் பயிற்சியாகவே அமைக்கலாம். ஆண்டுக்கு ஒரு நூலேனும் ஒவ்வொரு துறையும் ஏற்றுச் செய்யுமாயின், எச்சம் என்று எண்ணப்பட்டவற்றுள் எவ்வளவு ஆளுடையது, எவ்வளவு நாம் அமைக்காதொழிந்த வழியினது என்பது தெளிவாகும்.