எள்ளுவோனும் எள்ளப்படுவோனும்

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், பேதைமை முதலிய நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். அவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் தம் உரையில் மேலும் இருகூறாக்குவார். தான் பிறரை எள்ளுவது ஒன்று; பிறரால் தான் எள்ளப்படுவது மற்றொன்று. தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் பகுப்பு இது. அமெரிக்க வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒரு தலைமுறையைச் சிரிக்கவைத்த துணைப் பாத்திரங்களை நோக்குங்கால் அதன் கூர்மை புலனாகும்.

ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சி 1932-இல் தொடங்கியது. 1937-இல் எடி ஆண்டர்சன் என்னும் கறுப்பின நடிகர், ஒரு காட்சிக்கு மட்டும், புகைவண்டிப் பணியாளராக அதில் தோன்றினார். நேயர்கள் அவரை விடவில்லை. சில மாதங்களில் பென்னியின் வீட்டுப் பணியாளன் ரோச்செஸ்டராக அவர் நிலைபெற்றார். இளமையில் தெருவில் நாளிதழ் கூவி விற்றதால் கெட்ட குரல் அவருடையது. முகம் தெரியாத வானொலிக்கு அக்கரகரப்பே முதலாயிற்று. ஒரு சொல் கேட்டால் போதும், வந்திருப்பவன் யார் என்பது வீடெங்கும் தெரிந்துவிடும்.

நிகழ்ச்சியில் பென்னி ஏற்ற வேடம் பெருங்கருமியின் வேடம். வயது எக்காலத்தும் 39. வயலின் வித்தகர் என்னும் வீண்பெருமை வேறு. ஊதியம் ஒழுங்காகக் கிடைக்காத ரோச்செஸ்டர் தொலைபேசியில் அழைத்து, பணிவு சிறிதும் குறையாத குரலிலேயே எசமானரின் கஞ்சத்தனத்தை உரித்து வைப்பான். இருமித் திணறும் பழைய மேக்ஸ்வெல் காரை ஓட்டுபவனும் அவனே. (அவ்விருமலைத் தம் வாயாலேயே எழுப்பியவர் மெல் பிளாங்க்.) நிகழ்ச்சிக்கு உரியவர் எள்ளப்படுவோராக நிற்க, ஏவலன் எள்ளுவோன் ஆனான். அக்கால அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பணியாளன் வெள்ளை எசமானரைச் சொல்லால் வெல்வது சிறிய செய்தி அன்று.

ஆயினும் தொடக்க ஆண்டுகளை மறைத்துப் புகழ்வது திறனாய்வு ஆகாது. சூது, குடி, சோம்பல் எனக் கறுப்பின மக்கள்மேல் வெள்ளையர் சுமத்திய பழிகளே அக்காலத்தில் ரோச்செஸ்டரின் வாயில் நகையாக வைக்கப்பட்டன. அங்கே எள்ளப்பட்டது ஒரு பாத்திரம் அன்று, ஓர் இனம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் இனவெறி விளைத்த கொடுமை வெளிப்பட்டபின் பென்னி அவ்வகை நகையை விலக்க முற்பட்டார். 1950-இல், போருக்கு முற்பட்ட எழுத்துப்படி ஒன்று மீண்டும் எடுத்தாளப்பட்டபோது கண்டனம் எழுந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் சிரிப்பை விளைத்த அதே சொற்கள்தாம். எசமானரின் கருமித்தனத்தைப் பற்றிய நகையோ இன்று கேட்பினும் கெடவில்லை.

பேதைமைக்குச் சான்று வேண்டுவோர் 1960-இல் தொடங்கிய ஆண்டி கிரிஃபித் நிகழ்ச்சியைக் காணலாம். மேபெர்ரி என்னும் கற்பனைச் சிற்றூரின் துணைக் காவலன் பார்னி ஃபைஃப். ஏற்று நடித்தவர் டான் நாட்ஸ். ஊர்க் காவல் தலைவர் ஆண்டி அவனுக்கு அனுமதித்த தோட்டா ஒன்றே ஒன்று. அதையும் சட்டைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும். துப்பாக்கியில் இட்டானாயின் எங்கேனும் வெடித்துவிடும். துப்பாக்கியே ஏந்தாத தலைவருக்கு ஊர் அடங்கும். இடுப்பில் துப்பாக்கி கட்டியவனுக்கு அடங்காது.

தலைவராக நடித்த கிரிஃபித் தாமே பெயர்பெற்ற நகைச்சுவையாளர். சிரிக்கவைக்கும் பொறுப்பு தொடக்கத்தில் அவரிடமே இருந்தது. நாட்ஸின் ஆற்றலைக் கண்டபின் அதை அவருக்கு விட்டுக்கொடுத்துத் தாம் அமைதியான பாத்திரமாக மாறிக்கொண்டார். பார்னியின் வீம்பு உடையும் வேளைகளில் தலைவர் பெரும்பாலும் அவனைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஊரார் அறியாவண்ணம் மூடிவிடுவார். காண்போர் சிரிக்கின்றனர், உடனிருக்கும் நண்பர் சிரிப்பதில்லை. பார்னி கோமாளியாகத் தாழாமல் நிற்பது இதனால்தான்.

1965-இல் நாட்ஸ் விலகினார். நிகழ்ச்சி வண்ணத்திற்கு மாறி 1968 வரை நடைபெற்றது. இறுதிப் பருவத்தில் பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடமும் பெற்றது. எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர், துணைவன் இல்லாமலும் நிகழ்ச்சி வாழ்ந்தது என்பர். அப்பருவங்களை அமர்ந்து காண்போர் அவ்வாறு கூறார். தலைவரின் முகத்தில் சலிப்பு ஏறியிருக்கும். காப்பாற்றுவதற்கு அருகில் ஒரு பேதை இல்லை. நாட்ஸ் இடையிடையே விருந்தினராக வந்து சென்றார். பார்னி வேடத்திற்காக அவர் பெற்ற ஐந்து எம்மி விருதுகளுள் இரண்டு அவ்வருகைகளுக்குக் கிடைத்தவை.