சாப்பிட்டுக் கை கழுவியதும் இருபது நிமிடம்

ராத்திரி ஏழே முக்காலுக்கு மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன்: 231. மறுநாளும் அதே நேரம், அதே மூன்று இட்லி, அதே சட்னி. ஆனால் கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இருபது நிமிடம் நடந்துவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து 168! கருவி கெட்டுவிட்டதோ என்று இன்னொரு விரலிலும் குத்தினேன். 171. சந்தோஷத்தில் அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

என் அம்மா சர்க்கரையால் கால் கட்டைவிரலை இழந்தவர். எனக்கு 52 வயதில், சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 8.4 என்று ரிப்போர்ட் வந்தபோது கண்முன் நின்றது அந்தக் கால்தான். 27 வருஷம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு. மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்த டாக்டர் "வாக்கிங் போங்கம்மா" என்றார். எல்லோருக்கும் சொல்வதைத்தானே எனக்கும் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். ஏன் நடக்க வேண்டும் என்று யாரும் அதுவரை எனக்குச் சொல்லவில்லை.

சொன்னவர் இன்னொரு டாக்டர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வீடு வரைந்தார். "இது உங்க தசை. ரத்தத்துல இருக்கற சர்க்கரை உள்ளே போக இன்சுலின்தான் சாவி. உங்களுக்குப் பூட்டு துருப்பிடிச்சிருக்கு, சாவி திரும்ப மாட்டேங்குது. ஆனா வேலை செய்யற தசை சாவிக்குக் காத்திருக்காது, கொல்லைக் கதவைத் தானே திறந்து சர்க்கரையை இழுத்துக்கும்." அந்தக் கொல்லைக் கதவு சர்க்கரை நோயாளிக்கும் நன்றாகவே திறக்கிறது என்பதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள்போல அந்தப் பலன் நீடிக்கும், அதனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்றார்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். நம் சென்னையிலேயே டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு, 2006இல் வெளியானது. சர்க்கரை நோய் வாசலில் நின்ற 531 பேர். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் 40.5. மாத்திரையே இல்லாமல் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39.3. மாத்திரைக்குச் சமமாக நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நிற்கின்றன! லண்டன் மாடி பஸ்களைப் பற்றி ஜெரமி மாரிஸ் 1953இல் எழுதியதும் என்னை உலுக்கியது. நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம். நானும் அந்த டிரைவர்களைப் போல உட்கார்ந்தே இருந்தவள்தானே.

இப்போது காலையில் எனக்கு மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே வரும். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மூன்று சுற்று. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், "இன்னொரு சுத்து போலாம்மா" என்று தினமும் கூப்பிடுவார். நடுவில் மைய மண்டபத்தின் மேல் வெயில் விழுகிற அந்த நேரத்துக்காகவே எழுந்து போகலாம்.

நடை மட்டும் போதாது. சர்க்கரையைப் போட்டு வைக்கிற குதிர் தசைதான். குதிர் பெரிதாக இருந்தால்தானே நெல் கொள்ளும்? வாரம் இரண்டு நாள் கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறேன். ஆரம்பத்தில் நாலு தடவைக்கே தொடை நடுங்கியது, இப்போது பதினைந்து பதினைந்தாக மூன்று முறை. சுவரில் கை ஊன்றித் தண்டால். இதில் நான் எதிர்பார்க்காத பரிசு ஒன்று கிடைத்தது: முழங்கால் வலி குறைந்துவிட்டது. "மூட்டு தேஞ்சிருக்கு, நடக்காதீங்க" என்று எத்தனை பேர் பயமுறுத்தினார்கள்! தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறைகிறது. மீனாட்சி அம்மன் கோயிலில் நாலு ஆடி வீதியையும் நிற்காமல் சுற்றி வருகிறேன்.

பதினோரு மாதத்தில் அந்த மூன்று மாத சராசரி 8.4இலிருந்து 6.6க்கு இறங்கியது. ரத்த அழுத்தம் 146/92 இருந்தது, இப்போது 128/80. மாத்திரையை டாக்டரே பாதியாகக் குறைத்தார். எடை நாலு கிலோதான் இறங்கியது. எடை குறையவில்லையே என்று நடையை நிறுத்துகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

நெஞ்சு வலி, மூச்சிரைப்பு இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், கால் மரத்திருந்தால் நல்ல ஷூ போடுங்கள். மற்றபடி இன்று ராத்திரியே, தட்டைக் கழுவி வைத்ததும், டிவி முன்னால் உட்காராமல் வாசலில் இறங்குங்கள். மதுரைக்காரராக இருந்தால், காலை ஆறே காலுக்குத் தெப்பக்குளம் கிழக்குக் கரையில் இருப்பேன். வாருங்கள்.