தீயும் ஒளியும்: டேல் சிஹூலியின் கண்ணாடிக் கலை பற்றி ஒரு நோக்கு

கல்லும் மரமும் உளிக்கு அடங்குவன. களிமண் விரலுக்கு அடங்குவது. உருகிய கண்ணாடியையோ விரலால் தீண்டவும் இயலாது. ஊதுகுழாயின் நுனியில் தேன்போலத் திரண்டு நிற்கும் அது, சுழற்சி நின்ற கணத்திலேயே நிலம் நோக்கிச் சரியும். சிறிது பொழுதில் இறுகும். உலைவாயில் மீண்டும் காட்டினாலன்றி இளகாது. வடிவம் பெற்ற பின்னரும் அதனைப் படிப்படியாக ஆறவிடாவிடின் வெடித்துவிடும். இத்தனைக்கும் பின்னர், ஒளி ஊடுருவும் பொழுதுதான் அது கலைப்பொருளாக நிறைவுறுகிறது. ஆகவே கண்ணாடிக் கலைஞன் தீயோடும் ஒளியோடும் ஒருங்கே உறவாட வேண்டியவன். அமெரிக்கக் கலைஞர் டேல் சிஹூலியின் கலைவாழ்வை இவ்வுறவின் அடிப்படையில் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிஹூலி 1941இல் வாஷிங்டன் மாநிலத்தின் டக்கோமா நகரிற் பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்து அமெரிக்காவில் கண்ணாடி பெரும்பாலும் தொழிற்சாலைப் பொருளாகவே இருந்தது. 1962இல் ஹார்வி லிட்டில்டன் என்பவர் டொலிடோ அருங்காட்சியக வளவில் சிற்றுலை அமைத்து நடத்திய பயிற்சிப் பட்டறைகள், தனிக் கலைஞனும் கண்ணாடியைக் கையாளலாம் என்பதை நிறுவின. அந்த லிட்டில்டனிடம் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பயின்ற சிஹூலி, 1968இல் வெனிஸை அடுத்த முரானோத் தீவிலுள்ள வெனீனி ஆலைக்குச் சென்றார். அங்கு அவர் கண்டது முற்றிலும் வேறான மரபு. தலைமைக் கம்மியர் ஒருவரைச் சூழ்ந்து பல கைகள் ஒரே பொருளில் இயங்கும் கூட்டுழைப்பு அது. தனிமனித ஆளுமை, கூட்டுழைப்பு என்னும் இவ்விரு பாடங்களும் ஒன்றுக்கொன்று முரணானவை. இம்முரண்பாடு அவரது கலைவாழ்வு முழுவதிலும் ஊடுருவி நிற்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

அவரது ஆரம்பகால ஆக்கங்களுள் தலையாயது, 1971இல் ஜேம்ஸ் கார்ப்பென்டருடன் இணைந்து படைத்த '20,000 இறாத்தல் பனிக்கட்டியும் நியோனும்' என்பதாகும். பனிக்கட்டிப் பாளங்களுள் நியோன் குழாய்கள் பதிக்கப்பட்டன. குழாய்கள் ஒளிர்ந்தன, பாளங்கள் கரைந்தன. நியோன் அமெரிக்க வீதிகளில் விளம்பரத்தின் ஒளி. வாங்கு, வாங்கு என்று இரவெல்லாம் கூவும் ஒளி. அந்த ஒளியை, எவராலும் வாங்கி வைத்திருக்க முடியாத பனிக்கட்டியினுள் வைத்தமையே இவ்வாக்கத்தின் வலிமை எனலாம். இங்கு உருவமும் உள்ளடக்கமும் வேறுவேறல்ல.

1976இல் இங்கிலாந்தில் நேர்ந்த வாகன விபத்தில் சிஹூலி இடக்கண் பார்வையை இழந்தார். 1979இல் தோள்மூட்டும் விலகியது. அதன்பின் அவர் ஊதுகுழாயைப் பிறரிடம் கொடுத்து, வரைபடங்களாலும் வாய்மொழியாலும் ஒரு குழுவை இயக்கும் நெறியாளரானார். இவ்விரு விபத்துகளுக்கும் இடையில், 1977இல் தொடங்கிய 'கூடைகள்' வரிசை தனிச் சிறப்புடையது. டக்கோமாவிலே தாம் கண்ட அமெரிக்கப் பூர்வகுடியினரின் பழைய கூடைகள், தம் பாரத்தாலேயே தொய்ந்து சாய்ந்திருந்த கோலம் அவரைக் கவர்ந்தது. அக்கோலத்தைச் செதுக்கி வரவழைக்காது, சூடான கண்ணாடி தானே தொய்ந்து அடைய விட்டார். மெல்லிய சுவரினூடே ஒளி கசிகையில், தீ செயற்பட்ட கணம் கண்முன் நிற்கிறது.

1992இல் தொடங்கிய 'சரவிளக்குகள்' அவரை உலகப் புகழுக்கு இட்டுச் சென்றன. பெயர் விளக்கெனினும் இவற்றுட் பெரும்பாலானவற்றினுள்ளே விளக்கில்லை; வெளியிலிருந்து விழும் ஒளியையே இவை ஏந்துகின்றன. 1996இல் பின்லாந்து, அயர்லாந்து, மெக்சிக்கோ ஆகிய நாடுகளின் கம்மியரும் பங்குகொண்ட சரவிளக்குகள் வெனிஸின் கால்வாய்களின் மேலும் முற்றங்களிலும் தொங்கின. அங்கே நீரும் வானமும் பொழுதுக்கேற்ப அவற்றை மாற்றின. ஆனால் 1998இல் லாஸ் வேகாஸின் பெலாஜியோ விடுதிக் கூரையில் சுமார் 2,000 கண்ணாடி மலர்கள் நிறைக்கப்பட்ட பொழுது நிலைமை மாறியது. சூதாட்ட மண்டபத்துக்குச் செல்வோரின் தலைக்கு மேல் அவை மாறா ஒளியிற் பொலிகின்றன. விளம்பர ஒளியைப் பனியிற் கரைத்தவரின் கலை, 27 ஆண்டுகளின் பின் நியோன் நகரத்தின் அலங்காரமாயிற்று. நிறமும் அளவும் பெருகின. பொருளோடு பொருதும் பதற்றம் குறைந்தது.

கையால் ஊதாதவர் கலைஞராவாரா எனச் சிலர் வினவுவர். இவ்வினா பொருத்தமற்றது. சிற்பியர் பலர் உளி பிடித்த கோயிலைக் கலையன்று என எவரும் கூறார். பொருத்தமான வினா வேறு: பலரது உழைப்பிற் பிறந்ததற்கு ஒருவரது பெயர் மாத்திரம் ஏன்? 2005இல், தமது வடிவங்களைப் போலச் செய்தனரெனக் கண்ணாடிக் கலைஞர் இருவர்மீது சிஹூலி வழக்குத் தொடர்ந்தார். அவருள் ஒருவர் முன்னர் அவருக்காக உழைத்தவர். 2006இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. எனினும் தீயும் புவியீர்ப்பும் தாமே தரும் தொய்வை ஒருவர் தமது உடைமையெனக் கொள்ளும்பொழுது, 'கூடைகள்' கற்பித்த உண்மையே மறுக்கப்படுகிறதல்லவா?

ஆயினும் அவரை அலங்காரக்காரரென ஒதுக்கிவிடுதல் நேர்மையான விமர்சனமாகாது. பெலாஜியோவுக்கு மறு ஆண்டு, 1999இல், யெருசலேமின் பழங்கோட்டையருகே அலாஸ்காவிலிருந்து தருவித்த பனிக்கட்டிப் பாளங்களால் அவர் சுவரொன்றை எழுப்பினார். பிரிவினையின் கசப்பை அறிந்த அந்நகரில், கரைவதற்கென்றே கட்டப்பட்ட சுவர் அது. 1971இன் கலைஞர் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வாக்கங்களை நான் நிழற்படங்களிலேயே கண்டுள்ளேன். நிழற்படம் ஒரு கணத்து ஒளியை மட்டுமே தருவது. பெலாஜியோவின் கூரை அந்த ஒரு கணத்தில் முழுமையாக அகப்பட்டுவிடுகிறது. பனிச்சுவரோ அகப்பட மறுக்கிறது. சிஹூலியின் ஆக்கங்களுள் எவை காலத்தை வெல்லும் என்பதற்கு இதுவே என் விடை.