72 மேளமும் ஒரு மான்செஸ்டர்க்காரரின் பியானோவும்

ஜோன் ஃபோல்ட்ஸ். இந்தப் பெயரைச் சொல்லாமல் இப்போதெல்லாம் எனக்கு ஒரு நாள் கழிவதில்லை. வீட்டில் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் சொல்கிறேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடமும் சொல்கிறேன். 1880இல் மான்செஸ்டரில் பிறந்து, ஹாலே இசைக்குழுவில் செல்லோ வாசித்து, 72 தாய் ராகங்களைக் கொண்ட தென்னிந்திய மேளகர்த்தா முறையில் மனதைப் பறிகொடுத்து, அதை வைத்துப் பியானோவுக்கு எழுதி, கடைசியில் 1939இல் கல்கத்தாவில் கொலராவில் இறந்துபோன ஆங்கிலேயர் அவர். சங்கீதம் படிக்கிற ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டிய பெயர். எனக்கோ, சங்கீத டீச்சராகிப் பிள்ளைகளுக்கு வரிசை சொல்லிக்கொடுக்கத் தொடங்கி எவ்வளவோ காலத்துக்குப் பிறகுதான் அது காதில் விழுந்தது.

விழுந்த நாளிலிருந்து வேறெதுவும் கேட்கப் பிடிக்கவில்லை. ‘எஸ்ஸேஸ் இன் த மோட்ஸ்’ என்ற பியானோத் தொகுதியை கேத்ரின் ஸ்டாட் வாசித்த பதிவையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஐரோப்பிய இசை என்றால் மேஜர், மைனர் என்று இரண்டு சுர வரிசைகளுக்குள்ளேதான் முக்கால்வாசியும் ஓடும், நடுவிலே வெளிச்சுரங்கள் வந்து வந்து போகும் என்று நினைத்துப் பழகிய காது என்னுடையது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. ஓர் உருப்படிக்கு ஏழு சுரம் எடுத்தால் எடுத்ததுதான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அந்த ஏழைத் தாண்டி ஒரு சுரமும் உள்ளே வராது. மெட்டும் அதற்குள்ளே, இடக்கையில் அடுக்கடுக்காக விழுகிற கூட்டுச்சுரங்களும் அதற்குள்ளே. இது நமக்கு எவ்வளவு பழகின ஒழுங்கு! 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் இருந்து வேங்கடமகி போட்டுக்கொடுத்த கட்டம் அல்லவா? ஆனால் நாம் ஒரு மேளத்தைப் பிடித்தால் ஒற்றைக் கோடாகப் பாடிக்கொண்டு போவோம். ஃபோல்ட்ஸ் அதே ஏழு சுரத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி ஒரே நேரத்தில் ஒலிக்க வைக்கிறார். கமகத்தைப் போலிசெய்ய அவர் முயலவே இல்லை. பியானோவின் கட்டையில் சுரம் வழுக்காது, அசையாது, அது அவருக்குத் தெரியும். அசைவு கொடுக்க வேண்டியதைச் சேர்க்கையால் கொடுத்துவிடுகிறார். இதைவிட நேர்மையாக நம் சங்கீதத்தை வெளியார் ஒருவர் கையாண்டு நான் கேட்டதில்லை.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது? மோட் மக்கார்த்தி என்ற அம்மையாரிடமிருந்து. அயர்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே வயலினில் பேரெடுத்தவர். 1907இல் அன்னி பெசண்டோடு இந்தியா வந்து தென்னிந்திய சங்கீதத்தை முறையாகப் படித்தார். லண்டனுக்குத் திரும்பி, 1912இல் அங்குள்ள இசை அறிஞர்கள் முன்னால் இந்திய இசையை விளக்கிப் பேசினார். 22 சுருதியையும் பாடிக் காட்டக்கூடியவர் என்று பெயர் அவருக்கு. ஃபோல்ட்ஸ் அவரைச் சந்தித்தது 1915இல். பிறகு இருவரும் மணந்துகொண்டார்கள். அந்த வீட்டுக்குள்ளே வீணையும் தபலாவும் பற்றி என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

புகழ் ஃபோல்ட்ஸுக்கு வராமலும் இல்லை. முதலாம் உலக யுத்தத்தில் இறந்தவர்களுக்காக எழுதிய ‘எ வேர்ல்ட் ரெக்வியம்’ 1923 நவம்பர் 11ஆம் திகதி லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் 1,200 பேர் பாடியும் வாசித்தும் அரங்கேறியது. 1926வரை வருஷாவருஷம் நடந்து, அதோடு நின்றுபோனது. 2007வரை திரும்ப யாரும் அதை மேடையேற்றவில்லை. 1935இல் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்த மனிதர் டில்லி அகில இந்திய வானொலியில் ஐரோப்பிய இசைப் பிரிவுக்குப் பொறுப்பானார். இந்திய வாத்தியக்காரர்களைச் சேர்த்துக் குழு அமைத்து, தாளைப் பார்த்து வாசிக்கப் பழக்கினார். கல்கத்தா நிலையத்துக்குப் போன கையோடு முடிவு வந்துவிட்டது. கிழக்கையும் மேற்கையும் சேர்த்து அவர் எழுதிய சிம்பனி இன்று கையில் இல்லை.

மிஞ்சியதும் நம் கைக்கு வந்தது பெரும் பாக்கியம்தான். 1970களில் மல்கம் மக்டொனால்ட் என்ற இசை எழுத்தாளர் ஃபோல்ட்ஸின் மகளைத் தேடிப் போனபோது, அந்த அம்மா கார் கராஜுக்குக் கூட்டிப்போய் சவப்பெட்டி அளவில் இரண்டு பெட்டிகளைக் காட்டினாராம். உள்ளே கையெழுத்துத் தாள்கள். பலதை எலியும் எறும்பும் தின்றிருந்தன. ஏட்டுச்சுவடியைக் கறையானுக்குக் கொடுத்த நமக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

இணையத்தில் கிடைக்கிற அவருடைய இசைத் தாள்களைத் திரையில் பார்த்தால் எனக்குப் போதவில்லை. கல்முனைக்குக் கொண்டுபோய் அச்செடுத்தேன். “என்ன டீச்சர், இங்கிலீஷ் பாட்டா?” என்று கடைக் காக்கா கேட்டார். “எழுதினது இங்கிலீஷ்காரர் காக்கா, சுரம் எங்கட” என்றேன். “அப்ப நல்ல கடதாசியில அடிச்சித் தாறன்” என்று தடித்த தாளை எடுத்துப் போட்டார். அந்தக் கட்டு இன்றைக்கும் ஓரம் மடியாமல் இருக்கிறது.

விநாயகபுரத்திலிருந்து கல்முனைக்குப் போக அக்கரைப்பற்று, நிந்தவூர் கடந்தால் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். விஞ்ஞானம் படித்த அந்தத் துறவி, மறைந்துபோன யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டு மீட்டு ‘யாழ் நூல்’ எழுதினார். அது 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, அடுத்த மாதமே அவர் காலமானார். ஃபோல்ட்ஸ் ‘மியூசிக் டுடே’ என்ற தம் நூலை லண்டனில் வெளியிட்டது 1934இல். ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒருவர் பழந்தமிழ்ப் பண்களுக்குள்ளே இறங்கிக்கொண்டிருக்க, மற்றவர் மேளங்களைப் பியானோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு பேரையும் ஒரே பாடத்தில் படிப்பிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டில் இருப்பது 61 கட்டைக் கீபோர்ட். பியானோவுக்கு 88. இடக்கை கீழே இறங்கும்போது கட்டை முடிந்துவிடும், அந்த இடத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசிக்கிறேன். நான் முதலில் எடுத்தது ‘காந்தர்வ மியூசிக்’. 1915இல் தொடங்கி 1926இல் முடித்த உருப்படி. இடக்கை ஒரு சின்ன வரிசையை விடாமல் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் வலக்கை மெல்லிசாக, மிக மெல்லிசாக ஓடும். பென்சிலால் ஒவ்வொரு சுரத்துக்குக் கீழும் ச, ரி, க, ம எழுதிக்கொண்டேன். இடக்கை தம்பூராவாகிவிட்டது! பிறகு வலக்கையில் எவ்வளவு பிழைத்தாலும் சுருதிக்குள்ளே நிற்கிறோம் என்ற நிம்மதி. மேற்கத்தியத் தாளைப் பார்த்துப் பயந்திருந்த என் மாணவி ஒருத்தி இந்த இடக்கையைத் தானாகவே பிடித்துக்கொண்டாள்.

ஒன்றில் மட்டும் ஃபோல்ட்ஸோடு எனக்கு உடன்பாடில்லை. 1938இல் வானொலி இதழில் ஆர்மோனியத்தைத் தாக்கி எழுதினார். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது, அந்தத் தடை 1971வரை நீடித்தது. ஆர்மோனியத்தால் கமகம் முடியாது, சுருதி சமன்செய்யப்பட்டது என்பதெல்லாம் சரி. பியானோவுக்கும் அதே குறைதானே? அந்தக் குறைக்குள்ளே இருந்துகொண்டே என்ன செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியவரே அவர்தான். எங்கள் கூத்துக்கும் பஜனைக்கும் சோறுபோட்ட பெட்டியை அவர் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டிருக்கலாம்.

இவரைப் பிடித்தால் இவர் காலத்து மற்ற இங்கிலாந்துக்காரர்களும் பின்னால் வருவார்கள். பம்பாய்ப் பார்சித் தகப்பனுக்கு இங்கிலாந்தில் பிறந்த சொராப்ஜி 1930இல் எழுதிய ‘ஓபஸ் கிளவிசெம்பலிஸ்டிக்கம்’ வாசித்து முடிக்க ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் வேண்டும். யோர்க் போவென் 24 முன்னிசைகள் எழுதி அந்த சொராப்ஜிக்கே சமர்ப்பித்தார். ‘லோட்டஸ் லேண்ட்’ எழுதிய சிரில் ஸ்கொட்டும் இருக்கிறார். அவர்களுடைய தாள்களுக்கு இன்னும் பதிப்புரிமை உண்டு, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஃபோல்ட்ஸுக்கு அந்தத் தடை இல்லை. இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 வருஷம்வரைதான் உரிமை. 2010இலிருந்து அவர் எல்லாருக்கும் பொது.

ஆகையால் சங்கீத ஆசிரியர்களே, வீட்டில் கீபோர்ட் வைத்திருப்பவர்களே, ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இவர் பெயரைத் தேடுங்கள். முதலில் கேத்ரின் ஸ்டாட் வாசித்ததைக் கேளுங்கள். பிறகு ‘காந்தர்வ மியூசிக்’கின் இடக்கையை மட்டும் பழகுங்கள். அச்செடுக்க நல்ல கடதாசி வேண்டுமென்றால் கல்முனைக்கு வாருங்கள்.