இணையவழித் தொலைநகலில் வேகக் குறைப்பு

சுங்க அனுமதிகளை 1989ஆம் ஆண்டிலேயே டிரேட்நெட் அமைப்பின் வழியாக மின்மயமாக்கிவிட்ட சிங்கப்பூரில் தொலைநகல் எஞ்சியிருப்பது முரணாகத் தோன்றலாம். எனினும், கையொப்பமிட்ட தாளின் உருவத்தையே ஆவணமாகக் கேட்கும் அலுவலகங்கள் உள்ளவரை, சிராங்கூன் சாலையின் சரக்கு முகவருக்கும் நகர மையத்தின் வழக்கறிஞருக்கும் அதன் தேவை தீர்வதில்லை. 2010இல் சேவை தொடங்கிய நாடளாவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பு பரவிய பின்னர், செப்புக் கம்பிக்கென உருவான இவ்வியந்திரங்கள், குரலை இணையப் பொட்டலங்களாக மாற்றும் சிறு கருவிகளில் செருகப்படலாயின. அத்தகைய இணைப்பில் தொலைநகல் பாதியில் அறுந்தால், வேகத்தின் உச்சவரம்பை நொடிக்கு 14,400 பிட்டிலிருந்து 9,600 பிட்டாகக் குறைப்பதும், பிழைதிருத்த முறையை நிறுத்திவிடுவதும் தொழில்நுட்பர்களின் வழக்கம். முதலாவதற்கு நியாயம் உண்டு, ஆனால் அது பலரும் சொல்லும் நியாயமன்று. இரண்டாவதற்கு அதுவும் அரிது.

வேகத்தைக் குறைத்தால் இணைப்பின் சுமை குறையும் என்பது வழக்கமான விளக்கம். கண்ணாடியிழையில் 14,400 பிட் ஒரு சுமையே அன்று. தொலைவையும் குறைசொல்ல இயலாது: சிங்கப்பூரையும் சென்னையையும் 2002இல் இணைத்த, ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஐ2ஐ கடலடி வடத்தை ஒளி கடக்கச் சுமார் 16 மில்லிநொடி போதும்; தொலைநகல் உரையாடலை வகுக்கும் டி.30 நெறிமுறையோ மறுமொழிக்கு மூன்று நொடி காத்திருக்கிறது. பொட்டலங்கள் சீரற்ற இடைவெளியில் வந்து சேர்வதுதான் உண்மையான இடர். அதை ஈடுகட்ட, வந்த தரவைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் இடையகம் என்னும் நினைவகப் பகுதி பயன்படுகிறது. ஆனால் தொலைநகலை ஒலியாகவே கடத்தும்போது, இடையகம் தன் ஆழத்தை இடையில் மாற்றிக்கொண்டால், குரலில் எவரும் கவனிக்காத அந்தத் தாவல் மோடத்தின் ஒத்திசைவைக் குலைத்துவிடும்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் ஏற்ற டி.38 பரிந்துரை, மோடம் ஒலியை அனுப்பும் முனையிலேயே பிட்டுகளாகப் பிரித்து, பெறும் முனையில் மீண்டும் ஒலியாக்குகிறது. அழைப்பு அமையும்போதே இரு முனைகளும் தத்தம் இடையக எல்லையையும், ஒரு பொட்டலத்தின் பேரளவையும், உச்ச வேகத்தையும் அறிவித்துக்கொள்ள இடமளித்திருப்பது இதன் வலிமை. அந்த எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முழுவதும் அனுப்புவோரிடம் விட்டதும், மறுமுனையில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத் திருப்பிச் சொல்ல வழி வைக்காததும் இதன் குறை. தாளை வருடிக்கொண்டே அனுப்பும் இயந்திரம் தன் வேகத்தை இயல்பாகவே மீறாது. சேமித்த கோப்பை அனுப்பும் தொலைநகல் வழங்கியோ, ஒப்புக்கொண்ட வேகத்தை வைத்துக் கணக்கிட்டுத் தன்னைத் தானே கட்டுப்படுத்தியாக வேண்டும்.

மறுமுனை தன் இடையக எல்லை 200 பைட் என்று அறிவித்தால், 14,400 பிட் வேகத்தில் அது சுமார் 111 மில்லிநொடித் தரவு. 9,600இல் சுமார் 167 மில்லிநொடி. ஆக, வேகக் குறைப்பு தருவது இடையகத்தில் ஐம்பது மில்லிநொடிக்குச் சற்று மேற்பட்ட அவகாசம்; அதற்கு விலை, பக்கம் ஒன்றரை மடங்கு நேரம் எடுப்பது. இன்னொரு பயனும் உண்டு. தொலைந்த பொட்டலத்தை ஈடுகட்ட, ஒவ்வொரு பொட்டலமும் முந்தியவற்றின் நகல்களையும் சுமக்கலாம். 40 மில்லிநொடித் தரவு 14,400இல் 72 பைட், 9,600இல் 48 பைட் என்பதால், பொட்டலத்தின் பேரளவு 176 பைட் எனில் முன்னதில் ஒரு நகலுக்கும் பின்னதில் இரண்டு நகல்களுக்கும் இடமிருக்கும். ஆனால் அப்பேரளவு நகல்களையும் சேர்த்ததா, புதிய தரவுக்கு மட்டுமா என்பதில் கருவிகளுக்குள் ஒருமித்த புரிதல் இல்லை. இந்தக் கருத்து வேறுபாட்டை எந்த வேகக் குறைப்பும் தீர்க்காது. இடையகத்தை ஆழமாக்க இயலும் இடத்தில் அதுவே முதல் நடவடிக்கையாக இருக்க வேண்டும்.

பிழைதிருத்த முறையை நிறுத்துவது இதனினும் கேடானது. அம்முறையில் தரவு சட்டகங்களாகப் பிரிந்து செல்வதால், சிதைந்தவை மட்டுமே மீண்டும் கேட்கப்படுகின்றன. நான்கு முறை கேட்டும் சரிவராதபோது வேகத்தைக் குறைத்துத் தொடர நெறிமுறையிலேயே வழியிருக்கிறது. பொட்டலங்கள் மிகுதியாகத் தொலையும் இணைப்பில் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு அழைப்பு நீளும் என்பது மெய்தான்; நிறுத்துவோரின் வாதமும் அதுவே. ஆனால் முறையை நிறுத்தினால், சிதைந்த வரிகள் குறிப்பிட்ட அளவைத் தாண்டாதவரை பெறும் இயந்திரம் பக்கத்தை ஏற்றுக்கொள்ளும். விலைப்பட்டியலின் ஓர் இலக்கம் கோடாக மாறியிருந்தாலும், அனுப்பியவரின் அறிக்கை வெற்றி என்றே அச்சிடும்.