நாலு கையில் ராஜா

இளையராஜா கச்சேரி என்றால் மேடை கொள்ளாத வாத்தியக் குழு, வரிசையாகப் பாடகர்கள், 'ஒன்ஸ்மோர்' கூச்சல். அந்தச் சுகத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ராஜாவையும், அவர் யாரைக் கேட்டு வளர்ந்தாரோ அவர்களையும் அருகருகே வைத்து ரசிக்க ஒரு பியானோவும் இரண்டு பேரும் போதும் என்பது என் கட்சி.

ஹங்கேரிய இசையமைப்பாளர் கியோர்கி குர்தாக் இதைச் செய்துகாட்டினார். அவரும் மனைவி மார்த்தாவும் ஒரே பியானோ முன் நெருக்கி உட்கார்ந்து, அவர் 1973-இல் தொடங்கிய 'விளையாட்டுகள்' தொகுப்பிலிருந்து குட்டிக் குட்டி உருப்படிகளை வாசிப்பார்கள்; நடுநடுவே பாக். பாக்கை நாலு கைக்கு மாற்றி எழுதியதும் குர்தாக்தான். தன் குருவைத் தன் பாட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரவைப்பதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

நம் ராஜாவும் 1986-லேயே அந்த மரியாதையைச் செய்துவிட்டார். 'ஹவ் டு நேம் இட்?' இசைத்தொகுப்பு தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் வைத்த வணக்கம். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்கள். தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை அது. பாக்கின் கைப்பிரதியில் 1720 என்று போட்டிருக்கிறது. மூச்சுவிடாத ஓட்டம். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஓர் இடம் வரும்: ஒரே சுரத்தைத் திறந்த தந்தியில் ஒருமுறை, பக்கத்துத் தந்தியில் விரல் அழுத்தி ஒருமுறை என்று வில் மாறி மாறி எடுக்கும். சுரம் ஒன்று, நிறம் இரண்டு. அங்கே எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

பாக்கைச் சுற்றி ராஜா தன் தந்தி வாத்தியங்களைப் பேசவிட்டது அத்துமீறலா? பாக்கே 1731-இல் இதே முன்னிசையை ஆர்கனுக்கு மாற்றி, டிரம்பெட், முரசெல்லாம் சேர்த்துத் தன் 29-ஆம் காண்டாட்டாவின் தொடக்கமாக வைத்தார். 1933-இல் ராக்மனினோஃப் பியானோவுக்குக் கொண்டுவந்தார். ராஜா அந்த வரிசையில் வந்தவர், அவ்வளவுதான்.

ஆகவே நிகழ்ச்சி நிரல் தயார். முதலில் ராக்மனினோஃப் எழுதியபடி ஒருவர் தனியாக. பிறகு ராஜா, நாலு கையில். அந்த ஒற்றைச் சுரத்தை ஒருவர் அழுத்தமாகவும் மற்றவர் மெதுவாகவும் மாற்றி மாற்றித் தொட்டால் இரண்டு நிறமும் கிடைத்துவிடும். தியாகராஜர் பகுதியில்தான் கவனம் வேண்டும். பியானோவில் கமகம் பேசாது. இல்லாத குழைவைப் பொடிச் சுரங்களால் ஒப்பேற்றாமல் சுரத்தை நேராக வாசித்துவிடுவதே கௌரவம்.

இடம்? எங்கள் பென்னலூரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது, அரங்கத்துக்கு அலைய வேண்டாம். சென்னைக்குப் பக்கத்தில் யமஹா ஆலையில் கீபோர்டே தயாராகிறது. ஆனாலும் இதற்கு 61 கட்டைக் கீபோர்டு போதாது, நாலு கைக்கு 88 கட்டையும் வேண்டும். யாராவது மனது வைத்துச் சென்னையிலிருந்து நல்ல பியானோ ஒன்றை ஏற்றி வாருங்கள். ட்யூனரையும் கையோடு கூட்டி வந்துவிடுங்கள். லாரியில் குலுங்கி வந்த பியானோவை அப்படியே வாசிக்க முடியாது.