‘மிமி’ படமும் ஒரு மாணவியின் கேள்வியும்

அயல்நாட்டுத் தம்பதியர் நம் நாட்டுப் பெண்ணொருத்தியைப் பணம் பேசி அமர்த்தி, அவள் வயிற்றில் தங்கள் கருவை வளர்த்துக் குழந்தை பெற முயல்வதைக் கதையாகக் கொண்ட இந்திப் படம் ‘மிமி’. லட்சுமண் உடேகர் இயக்கிய இப்படம் 2021 ஜூலையில் வெளிவந்தது. மிமியாக நடித்த கிருத்தி சனோன், கார் ஓட்டுநராக வரும் பங்கஜ் திரிபாதி ஆகிய இருவருமே இதற்காகத் தேசிய விருது பெற்றனர். நடிப்பைப் பொறுத்தவரை எனக்குக் குறையேதுமில்லை. ரகுமானின் ‘பரம சுந்தரி’ பாட்டை எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் மூன்று வகுப்பினர் ஆடித் தீர்த்தனர்!

கதை இதுதான். ராஜஸ்தானில் நடனமாடிப் பிழைக்கும் மிமிக்கு பம்பாய் சென்று நடிகையாக ஆசை. அதற்குப் பணம் வேண்டும். 20 லட்சம் ரூபாய்க்கு ஓர் அமெரிக்கத் தம்பதியின் கருவைச் சுமக்க இசைகிறாள். நடுவில் ஒரு பரிசோதனை, குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்கிறது. கலைத்துவிடச் சொல்லிவிட்டுத் தம்பதி நாடு திரும்புகின்றனர். மிமி கலைக்காமல் பெற்றெடுக்கிறாள். குழந்தையோ அக்குறை எதுவுமின்றிப் பிறக்கிறது! சில ஆண்டுகளுக்குப்பின் அத்தம்பதி வந்து பிள்ளையைக் கேட்பது பின்பாதி.

பட்டாபிராமிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி இப்படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள்: “அந்தப் பையன் என் தம்பி மாதிரியே பிறந்திருந்தா படத்தை எப்படி மேடம் முடிச்சிருப்பாங்க?” அவளுடைய தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அதற்குப் பிறகே நான் இப்படத்தை இரண்டாம் முறை பார்த்தேன்.

முதலில் அந்தப் பரிசோதனையைக் காண்போம். இயற்பியல் ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எந்த அளவீட்டிலும் பிழை உண்டு என்பதுதானே எங்கள் ஆய்வுக்கூடத்தின் முதற்பாடம்! நம் உயிரணுவில் குரோமோசோம்கள் 23 இணைகளாக உள்ளன. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிடுவதே டவுன் சிண்ட்ரோம். இதைக் கருவிலேயே அறிய இருவகைச் சோதனைகள் உண்டு. கருவுற்ற மூன்றாம் மாதவாக்கில் தாயின் இரத்தத்தையும், ஸ்கேனில் கருவின் பிடரித் தோலடியிலுள்ள நீரின் தடிப்பையும் அளப்பது ஒருவகை. அது ‘இருக்கக்கூடும்’ என்றுமட்டுமே சொல்லும். பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களின் குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பது மற்றது. உறுதி சொல்வது இதுவே.

10,000 கருக்களில் 10 கருக்களுக்கு இக்குறை இருப்பதாகக் கொள்வோம். முதல்வகைச் சோதனை அவற்றில் ஒன்பதைக் கண்டுபிடிக்கிறது; குறையற்றவற்றிலும் நூற்றுக்கு ஐந்தைத் தவறாகச் சுட்டுகிறது எனவும் கொள்வோம். குறையற்ற 9,990இல் ஏறத்தாழ 500 கருக்கள் இப்படிச் சிக்கும். ஆக, ‘குறை இருக்கலாம்’ என்ற சீட்டைப் பெறுவோர் 509 பேர். அவர்களுள் மெய்யாகவே குறையுள்ளவை ஒன்பதே! நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. சோதனை நல்ல சோதனைதான். அதை இறுதித் தீர்ப்பாகப் படிப்பதுதான் தவறு. படத்தில் மருத்துவர் செய்தது எந்தச் சோதனை, இரண்டாவது சோதனை நடந்ததா என்று ஒரு சொல்லும் இல்லை.

இன்னொன்று. இக்குறைக்கான வாய்ப்பு கருமுட்டைக்கு உரியவளின் வயதைப் பொறுத்தது. சுமப்பவளின் வயதைப் பொறுத்ததன்று. 25 வயதில் சுமார் 1,250க்கு ஒன்று, 40 வயதில் சுமார் 100க்கு ஒன்று. மிமியின் இளமையையும் உடற்கட்டையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தம்பதியிடம் இதை யாரும் சொல்லவில்லை போலும்.

ஆயினும் அறிவியல் பிழையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சோதனை பொய்த்ததால் படம் தப்பித்துக்கொள்கிறது. குறையோடு பிறந்த குழந்தையை யார் ஏற்பது என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, நீலக் கண்ணும் பொன்னிறத் தலைமுடியுமாக ஓர் அழகுக் குழந்தையைக் கையில் கொடுத்து நம்மைச் சமாதானப்படுத்திவிடுகிறது. என் மாணவி கேட்டது இதைத்தான்.

உலகில் அது நடந்தே இருக்கிறது. ஆஸ்திரேலியத் தம்பதிக்காகத் தாய்லாந்துப் பெண்ணொருத்தி இரட்டையரைச் சுமந்தாள். ஆண் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். பெண் குழந்தை ஆஸ்திரேலியா சென்றது. ஆண் குழந்தை தாய்லாந்திலேயே தங்கிவிட்டது. 2014இல் இச்செய்தி உலகெங்கும் பரவி, மறு ஆண்டே அந்நாடு அயல்நாட்டினருக்கு இம்முறையைத் தடைசெய்தது. தம்பதி குழந்தையைக் கைவிடவில்லை, சுமந்தவளே அவனைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பினாள் என்று 2016இல் மேற்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் கண்டது. உண்மை திரைக்கதையைவிடச் சிக்கலானது.

நம் நாட்டில் 2008இல் நடந்ததோ வேறுவகை. குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காகக் கரு வளர்ந்துகொண்டிருக்கையில் அவர்கள் மணவிலக்குப் பெற்றனர். தந்தை குழந்தையை விரும்பினார். ஆனால் முட்டை தந்தவள், சுமந்தவள், ஒப்பந்தம் செய்தவள் ஆகிய மூவருள் தாய் யாரென்று தெரியாமல், பச்சிளங் குழந்தைக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம்வரை போயிற்று. மாதங்கள் கழித்தே பாட்டியுடன் குழந்தை ஜப்பான் சேர்ந்தது. அங்கே குறை குழந்தையிடம் இல்லை, சட்டத்தில் இருந்தது.

2015 இறுதியில் அயல்நாட்டினருக்கு இங்கே கதவு மூடப்பட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மருத்துவச் செலவும் காப்பீடும் தவிரச் சுமப்பவளுக்குப் பணம் தரலாகாது. ‘வாடகைத்தாய்’ என்று இன்னும் சொல்கிறோம், வாடகைதான் இல்லை! அவள் ஏற்கனவே ஒரு குழந்தை பெற்றவளாகவும் இருக்கவேண்டும். மிமிக்கு இங்கே இடமே கிடையாது. பணத்தை அறவே தடுத்தது சரிதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஒன்பது மாத உழைப்புக்கும் உயிராபத்துக்கும் ஊதியம் கூடாது என்பதை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மாதச் சம்பளத்துக்குத் தையல் இயந்திரம் மிதிக்கும் பெண்ணிடம் எப்படி விளக்குவது?

ஆனால் அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு தெளிவானது. பிறப்புக் குறையோ, மரபணுக் குறையோ, ஆணா பெண்ணா என்பதோ, எதைக் காட்டியும் குழந்தையைக் கைவிடலாகாது. மீறினால் பத்தாண்டுவரை சிறை. மாணவிக்கு இதைப் படித்துக் காட்டினேன். “படத்துல இது ஒரு வசனமாக்கூட வரலையே மேடம்” என்றாள். படம் வந்தது ஜூலையில், சட்டம் நிறைவேறியது டிசம்பரில் என்றேன்.